பட்டாளத்தார் கல்

முதல் நாள்: 2025 ஜூலை 21, திங்கள்

நெல்லை எக்ஸ்பிரஸ் கங்கைகொண்டானைத் தாண்டும்போதே ஜன்னல் வழியாக ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஆடி மாதம். குற்றாலத்துச் சாரல் இவ்வளவு தூரத்துக்கு மழையாக வராது, காற்றாக வரும். ஜங்ஷனில் இறங்கியபோது என் பையில் துணிமணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் மூன்று தாள்கள். அவற்றை ஆச்சியிடம் கொண்டுசேர்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஆச்சியின் அண்ணன் 1942இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1945இல் பர்மாவில் இறந்தார். அப்போது அவருக்கு 22 வயது நிறையவில்லை. உடல் வரவில்லை. எரித்தார்களா, புதைத்தார்களா என்ற செய்தியும் வரவில்லை. ஒரு தந்தி வந்தது, அதோடு சரி. எங்கள் வீட்டில் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் சொல்வோம். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆச்சிக்கு அதில் விருப்பமில்லை.

காலையிலேயே ஊருக்கு ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் அவர் ஆளெடுப்புக்கு வந்து நின்ற பாளையங்கோட்டையை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. 1843இல் சுலோசன முதலியார் தம் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தின் மேல் நடந்தே போனேன். கீழே தாமிரபரணி அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பட்டாளத்தாரும் இரண்டு கூட்டாளிகளும் இரவு முழுக்க நடந்து இந்தப் பாலத்தைத் தாண்டினார்களாம். ஊசிக் கோபுரத்தைப் பார்த்தபடி வரிசையில் நின்றதாக அவர் ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். 1826இல் எழுந்த தேவாலயத்தின் அந்தக் கோபுரம் இன்றும் அப்படியே நிற்கிறது. எதிரில் சிறிது நேரம் நின்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இதே பாளையங்கோட்டையில்தான் கலெக்டர் ஆஷின் கல்லறை இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் அவரைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குச் செங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. வ.உ.சிக்கு இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், இது அவர்கள் மண். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். அவர்களில் 87,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. முதல் போருக்காவது சில ஊர்களில் ஒரு சின்னப் பலகைக்கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும். பெயர் இருக்காது. இரண்டாம் போருக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் அதுவும் இல்லை.

வெள்ளைக்காரன் சண்டைக்குக் கூலிக்குப் போனவன்தானே என்று ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் சொன்னார். நான் அப்போது பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். இன்று வரைக்கும் அது உறுத்துகிறது. 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. வாரத்துக்குப் பயிரிட்ட எங்கள் பூட்டனார் வீட்டில் கடன் போக மிஞ்சியது பத்து மரக்கால் நெல்கூட இல்லை. அதே ஆண்டில்தான் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் ரத்தம் பார்த்தது. அதே ஆண்டில்தான் 19 வயதில் ஒரு பையன் ஊசிக் கோபுரத்தடியில் வரிசையில் நின்றான். சம்பளம் வீட்டுக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் ஆச்சி பசி தெரியாமல் வளர்ந்தார்.

இரண்டாம் நாள்: ஜூலை 22, செவ்வாய்

செங்கோட்டை பாசஞ்சரில் சேரன்மகாதேவிக்கு டிக்கெட் எடுத்தேன். பேட்டையைத் தாண்டியதும் வலப்புறம் வயல்கள் திறந்துகொண்டன. கார் நடவு முடிந்து பச்சை பிடித்திருக்கிறது. தூரத்தில் பொதிகை மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. இதே தடத்தில், அது மீட்டர் கேஜாக இருந்தபோது, பட்டாளத்தார் ஒரே ஒரு முறை லீவில் வந்துபோனார். 1943இல், 15 நாள்.

ஸ்டேஷனுக்கு மாமா பைக்கில் வந்திருந்தார். எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. வண்டியில் போகும்போதே மாமா சொன்னார்: “இன்றைக்கே எதையும் ஆரம்பித்துவிடாதே. முதலில் அம்மா உன் முகத்தைப் பார்க்கட்டும்.”

ஆச்சிக்கு 92 வயது. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. என் செருப்புச் சத்தத்திலேயே “வந்துவிட்டாயா ஐயா” என்றார். கன்னத்தைத் தடவிப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்கச் சொன்னார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பத்தமடைப் பாயில் படுத்துக்கொண்டு ஆச்சியிடம் கதை கேட்போம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். “கேட்கிற ஆள் இல்லாமல் காற்றுக்கா சொல்லுவேன்?” என்பார். பாதித் தூக்கத்திலும் ‘ம்’ கொட்டப் பழகியவர்கள் நாங்கள். சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை, அவற்றுக்கு நடுவே பட்டாளத்தார் கதை. ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணியைக் குறுக்கே நீந்தி, அக்கரைத் தோப்பிலிருந்து இளநீர்க் குலையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர் பட்டாளத்தார். எங்களுக்கு அவரும் ஒரு சாமி.

சாமி என்று நான் சும்மா சொல்லவில்லை. மாலையில் மாமாவும் நானும் வயலுக்குப் போனோம். வரப்பு முனையில் ஒரு மருத மரம். அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஆற்றுக்கல், மஞ்சள் பூசிப் பூசி வழவழத்துப் போயிருக்கிறது. அதுதான் பட்டாளத்தார். தந்தி வந்த ஆண்டு ஆடி அமாவாசைக்குப் பூட்டனார் பாபநாசம் போனார். ஆற்றில் இறங்கித் தேடி இந்தக் கல்லை எடுத்தார். படித்துறையில் வைத்துக் கழுவி, தோளில் சுமந்து கொண்டுவந்து இங்கே நட்டார். முதல் முழுக்குக்குச் சோறு பொங்கி ஊரைக் கூப்பிட்டார்.

போரில் விழுந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைக் காண்பது, தேர்ந்து கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. கல்லூரியில் இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பூட்டனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் வரிசை பிசகாமல் செய்திருக்கிறார்.

படையல் எளிமையானது. முந்திரிக்கொத்து, ஒரு கட்டு பீடி, நான்கு பிஸ்கட். பிஸ்கட் எதற்கென்றால், லீவில் வந்தபோது தங்கைக்கென்று ஒரு பொட்டலம் பட்டாள பிஸ்கட் கொண்டுவந்தாராம். கல்லைப் போல் இருந்ததாம். ஆச்சி தண்ணீரில் நனைத்து நனைத்து ஒரு மாதம் தின்றிருக்கிறார்.

இரவில் டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பார்த்தோம். மூன்றுதான் மிச்சம். எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது என்பதால் ஊர்ப் பெயரே இல்லை. ஓரிடத்தில் இரண்டு வரிகளைச் சென்சார்காரர் கறுப்பு மையால் அடித்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை. எழுத்துகள் கோடு போட்டதுபோல் நேராக நிற்கின்றன. கடைசிக் கடிதம் 1945 ஜனவரியில் வந்தது. பிசானம் எப்படி வந்திருக்கிறது, அறுப்புக்கு ஆள் கிடைக்குமா, தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்கிறார். தன்னைப் பற்றி, சுகம் என்ற ஒரு சொல்தான்.

மூன்றாம் நாள்: ஜூலை 23, புதன்

இன்று சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி இருக்கும். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பார்வை மங்கிய பிறகும் விரலுக்கு அந்த வேலை மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஆச்சி, பட்டாளத்தார் எந்த நாளில் போனார் என்று தெரிந்துவிட்டது.”

கை நிற்கவில்லை. “சொல்லு” என்றார்.

வீட்டில் இருந்த தந்தி எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போய்விட்டது. அது ஊருக்கு வந்தது பங்குனியில், பிசான நெல் களத்தில் கிடந்தபோது. அந்த நாளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். இறந்த நாளாக அது இருக்க முடியாது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை என்ற முறைப்படி, ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவந்தோம்.

முதல் தாளைப் படித்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டிலிருந்து ஒரு குறிப்பு. படை எண், சாப்பர் என்ற பதவி (படைக்குப் பாலமும் பாதையும் அமைப்பவர்), மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற படை, தகப்பனார் பெயர், ஊர், டின்னவெல்லி ஜில்லா. எங்கள் ஊரின் பெயரை எவரோ ஓர் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். ‘ழ’ போய்விட்டது, நடுவில் ஓர் அசையும் போய்விட்டது. அதனால்தான் நான்கு ஆண்டுகள் என் கண்ணுக்குப் படாமல் இருந்தார். தேதி: 1945 பிப்ரவரி 13.

ஆச்சி தகப்பனார் பெயரை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். “ஐயா பேரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா?” “சரியாக இருக்கிறது ஆச்சி.” அதில் அவருக்கு ஒரு நிறைவு.

பிறகு நினைவிடத்தைப் பற்றிச் சொன்னேன். ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் என்ற இடத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் நடுவே தூண் தூணாக ஒரு பெரிய மண்டபம். 1958இல் திறந்தார்கள். கல்லறை இன்ன இடம் என்று தெரியாத ஏறக்குறைய 27,000 பேருடைய பெயர்கள் அந்தத் தூண்களில் இருக்கின்றன. இவர் பெயரும் அங்கே இருக்கிறது. சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இறந்தார்கள் என்று ஆங்கிலத்திலும் பர்மியத்திலும் இந்தியிலும் உருதுவிலும் குர்முகியிலும் பொறித்திருக்கிறார்கள். தமிழில் இல்லை. அது எனக்கு வருத்தம்தான். இன்னொரு வாசகமும் இருக்கிறது. அதை ஆச்சிக்கு மெதுவாகத் தமிழில் சொன்னேன்: கூட இருந்து இறந்தவர்களுக்குக் கிடைத்த வழக்கமான சடங்குகள், போரின் விதியால் இவர்களுக்குக் கிடைக்காமல் போயின.

கீரை உருவிய கை அப்போதுதான் நின்றது.

“கிடைக்கவில்லை என்று யார் சொன்னது? நாங்கள் கொடுத்தோமே. ஒரு வருசம் விட்டிருக்கிறோமா? ஐயா கொடுத்தார், தம்பி கொடுத்தான், இப்போது இவன் கொடுக்கிறான். அதைப் போய் அவர்களிடம் சொல்லு.”

நான் வாயடைத்துப் போனேன். அந்த வாசகத்தை முதல்முறை படித்தபோது சென்னையில் என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். 80 ஆண்டுகளாகப் பாபநாசத்தில் இறைத்த எள்ளும் தண்ணீரும் அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் எப்படித் தொடங்குவது என்று ரயிலிலும் யோசித்துக்கொண்டு வந்தேன். 1946இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் ஊரைத் தேடி வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். பூட்டனார் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆற்றில் போய்விட்டான்” என்று சொன்னார். சாப்பிடக்கூட உட்காராமல் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு தீராத பேச்சு. ஐப்பசி வெள்ளத்தைக் குறுக்கே நீந்தியவனா ஆற்றில் போவான்? பூட்டி கடைசி வரை அதை ஏற்கவில்லை. நீச்சல் தெரிந்தவன் எங்காவது கரை ஏறியிருப்பான், ஒருநாள் வருவான் என்றே இருந்து கண் மூடினாள்.

மூன்றாம் தாள் அவருடைய கம்பெனியின் போர்க்குறிப்பிலிருந்து எடுத்த பிரதி. ஆச்சிக்கு விளக்கினேன். பர்மாவின் நடுவே ஐராவதி என்று ஓர் ஆறு ஓடுகிறது. நம் தாமிரபரணி 130 கிலோமீட்டர்கூட இல்லை, அது 2,000 கிலோமீட்டருக்கு மேல். அகலம் சில இடங்களில் ஒரு மைல். மாண்டலேயைப் பிடிக்க வேண்டுமானால் அதைக் கடந்தாக வேண்டும். அக்கரையில் ஜப்பானியர் பதுங்கியிருந்தார்கள். 1945 பிப்ரவரி 12 இரவு, 20ஆவது இந்திய டிவிஷன் மியின்மு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆற்றில் இறங்கியது. படகுகள் போதவில்லை, இருந்தவையும் தேய்ந்து பழுதானவை. ஆட்களை ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டு வெறும் படகோடு திரும்பி வந்து மறுபடி ஏற்றிக்கொண்டு போவதும், மிதவை கட்டி வண்டிகளை இழுப்பதும் சாப்பர்களின் வேலை. வெளிச்சம் காட்டக் கூடாது.

“நிலா இருந்ததா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் என்னிடம் இருந்தது. திதி பார்ப்பதற்காகப் பழைய பஞ்சாங்கக் கணக்கை எடுத்து வைத்திருந்தேன். தாரண வருடம், திங்கட்கிழமை, அமாவாசை.

உள்ளேயிருந்து மாமா வெளியே வந்துவிட்டார். “அமாவாசையா?” என்று இரண்டு முறை கேட்டார். விடியுமுன் போயிருந்தால் அது முந்தின இரவின் கணக்குத்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வாசலில் இறங்கி நின்றார்.

ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தானா?”

படை அக்கரையில் கால் ஊன்றிவிட்டது, மார்ச் 20இல் மாண்டலே விழுந்தது, மே 3இல் ரங்கூன் என்று சொல்லத் தொடங்கினேன். ஆச்சி கையமர்த்தினார். “நான் பட்டாளத்தைக் கேட்கவில்லை ஐயா. அவனைக் கேட்டேன்.”

படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த இடத்தில் உதவவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். சாப்பர் ஒரே ஒரு தடவை கடக்கிறவர் இல்லை ஆச்சி. போவார், வருவார், மறுபடியும் போவார். அந்த இரவில் அவருடைய கம்பெனி விடியும் வரை அப்படித்தான் போய்வந்திருக்கிறது. எதிர்க்கரையிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தண்ணீர் அவரை முடிக்கவில்லை.

“அதைச் சொல்லு” என்றார் ஆச்சி. “தண்ணீர் அவனை ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரியும்.” கொஞ்சம் பொறுத்து, “இதைக் கேட்க அம்மா இல்லையே” என்றார். கண்ணைத் துடைக்கவில்லை. கீரையை எடுத்து மறுபடி உருவத் தொடங்கினார்.

மத்தியானத்துக்கு மேல் அவரே பேச்சைத் தொடங்கினார். எதிரே இருந்தது ஜப்பான்காரன் மட்டும்தானா என்று கேட்டார். நான் மறைக்க விரும்பவில்லை. அதே ஆற்றில், இன்னும் கீழே, பகானுக்கு அருகில் நியாங்-ஊ என்ற இடத்தில் இரண்டு நாள் கழித்து வேறொரு டிவிஷன் கடந்தது. அங்கே எதிர்க்கரையில் நின்றவர்களில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரும் உண்டு. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்த ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள்.

“இந்தக் கரையிலும் நம் பிள்ளை, அந்தக் கரையிலும் நம் பிள்ளையா?” என்று கேட்டுவிட்டு, “அவர்களுக்கும் தங்கச்சிமார் இருந்திருப்பார்கள்” என்றார்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். கல்லில் பெயரையும் தேதியையும் வெட்டுவதற்குச் சேரன்மகாதேவியில் ஒரு கல்தச்சரிடம் பேசி வைத்திருந்தேன். மாலையில் ஆச்சியிடம் கேட்டபோது மறுத்துவிட்டார். “எழுத்துப் போட்டால் அது கல்லறை மாதிரி ஆகிவிடும். சாமிக்கு எதற்கு விலாசம்? அவன் பேர் தெரியாதவர்கள் ஊரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே எனக்குத் தெரியும்.” எனக்கு ஏமாற்றம்தான். பழைய நடுகற்களில் பெயரும் செயலும் பொறித்தார்களே என்று வாதாடிப் பார்த்தேன். ஆச்சி அசையவில்லை.

நான்காம் நாள்: ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

விடியற்காலை நான்கு மணிக்கே மாமாவும் நானும் பஸ் பிடித்தோம். அம்பாசமுத்திரம் தாண்டும்போதே சாலை முழுக்கக் கூட்டம். ஆச்சி வரவில்லை, ஒரு பித்தளைச் செம்பை மட்டும் கொடுத்தனுப்பினார்.

பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரே படித்துறையில் இடமே இல்லை. ஈர வேட்டிகளும் வாழையிலைத் துண்டுகளும் எள்ளும் அறுகும். மாமா தம் தகப்பனாருக்கு, பாட்டனாருக்கு, பிறகு தாய்மாமனுக்கு என்று வரிசையாகக் கொடுத்தார். பெயர் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. இத்தனை வருடமாகத் திதி தெரியாததால் அமாவாசை என்று கொடுத்தவர், இன்று அமாவாசையில் போனவர் என்று சொல்லிக் கொடுத்தார். பிண்டத்தைக் கரைத்தபோது மீன்கள் மொய்த்தன. தண்ணீரில் நல்ல இழுப்பு. நான் ஆற்றில் இடுப்பளவு நின்று எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் எறிந்தால் விழும் தூரம்தான். இதில் நீந்தியவன் ஒரு மைல் அகலத் தண்ணீரில், இருட்டில்.

பிறகு மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். காரையாறு காட்டுக்குள் குடில் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருக்கிறார்கள். அங்கே பட்டவராயன் சன்னதி இருக்கிறது. மாடு கவர வந்த கள்வர்களோடு போரிட்டு இறந்த முத்துப்பட்டன்தான் பட்டவராயன். அவனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தோல் செருப்புகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். மறு ஆண்டு வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும், இரவில் அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறான் என்பது நம்பிக்கை. மண்ணில் விழுந்தவனை நடக்க வைத்துவிடும் நம்பிக்கை அது. கல்லை எடுக்க வந்த ஆண்டு பூட்டனாரும் இந்தச் சன்னதியில் நின்றிருக்க வேண்டும். மகன் போன துக்கத்தை என்ன செய்வது என்று அவருக்கு இங்கேதான் வழி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது செம்பில் ஆற்று நீர் எடுத்துக்கொண்டோம். பஸ் நெரிசலில் மாமா அதைக் கைக்குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் நாள்: ஜூலை 25, வெள்ளி

ஆச்சி வயலுக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று மாலை போக வேண்டும் என்றார். தெரு முனை வரை ஆட்டோ, பிறகு வரப்பில் நானும் மாமாவும் இருபுறமும் பிடித்துக்கொண்டோம். மருத மரத்தடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தோம்.

கல்லைத் தடவிப் பார்த்தார். நெற்றியிலிருந்து கன்னம் வரை தடவுவதைப் போல. செம்பு நீரைத் தம் கையாலேயே ஊற்றினார். மஞ்சள், முந்திரிக்கொத்து, பீடி, பிஸ்கட்.

“இப்போது படி” என்றார்.

“எதை ஆச்சி?”

“நீ கொண்டுவந்த காகிதத்தை. எனக்குச் சொன்னாய். அவனுக்குச் சொல்ல வேண்டாமா?”

உறையைப் பிரித்து முதல் தாளை எடுத்தேன். படை எண்ணைச் சொன்னேன். பெயரைச் சொன்னேன். இன்னார் மகன், இன்ன ஊர். 1945 பிப்ரவரி 13. மியின்மு. ஐராவதி ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஆச்சி ‘ம்’ கொட்டினார். சிறுவயதில் நாங்கள் அவருக்குக் கொட்டிய அதே ‘ம்’. எனக்குத் தொண்டை அடைத்தது, ஆனால் நிறுத்தாமல் படித்தேன்.

முடிந்ததும், “கையில் இன்னும் ஒரு காகிதம் சரசரக்கிறதே, அது என்ன?” என்றார்.

அது அவருடைய படையின் பெயர்ப்பட்டியலில் ஒரு பக்கம். தௌக்கியான் தூணில் அவர் பெயருக்கு மேலும் கீழும் இருப்பவர்கள். எல்லோரும் மதராஸ் சாப்பர்கள். தம்பி என்றுதான் அவர்களைப் பட்டாளம் முழுக்கக் கூப்பிடும்.

“அவர்களையும் படி.”

“நிறையப் பேர் இருக்கிறார்கள் ஆச்சி. இருட்டப் போகிறது.”

“படி ஐயா. யார் யார் வீட்டில் கல் இருக்கிறதோ, இல்லையோ.”

படிக்கத் தொடங்கினேன். ஒருவர் சேலம் ஜில்லா, வயது 20. ஒருவர் வட ஆற்காடு, வயது 23. ஒருவர் மலபார். ஒருவர் திருச்சி, வயது போடவில்லை. அப்புறம் கோதாவரிப் பக்கத்துத் தெலுங்குப் பெயர் ஒன்று, என் நாக்கில் சரியாக ஏறவில்லை. ஆச்சி திரும்பச் சொல்லச் சொன்னார். அடுத்து ஒரு முஸ்லிம் பையன், அடுத்து ஒரு கிறிஸ்தவப் பையன், இருவரும் ஒரே ஜில்லா. ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயர், ஊர். ஒவ்வொருவருக்கும் ஆச்சி ‘ம்’ என்றார். மாமா கல்லடியில் இருந்த செம்பை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொட்டாக மீதித் தண்ணீரை விடத் தொடங்கினார்.

மலைப்பக்கம் வெளிச்சம் அடங்கிவிட்டது. எழுத்து தெரியவில்லை. மாமா மற்றொரு கையால் செல்போனை எடுத்துத் தாளின்மேல் வெளிச்சம் பிடித்தார். பக்கத்தில் பாதிகூட முடியவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினேன்.

“ம்” என்றார் ஆச்சி.